முதலில் பக்கம், அப்புறம் படம்: எழுதுகிறவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

என் நாவலின் பதினான்காவது அத்தியாயத்தில் ஒரு பெண் கதவைத் தட்டிவிட்டு மூன்று வாரம் வெளியிலேயே நின்றாள். உள்ளே இருப்பவர் திறக்கவில்லை, அவளும் திரும்பிப் போகவில்லை. காரணத்தைக் கதைக்குள் தேட வேண்டாம். ஒரு வெப் சீரிஸின் மூன்றாவது சீசன் வந்திருந்தது. அதற்கு முன் முதல் இரண்டு சீசன்களையும் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். நடுவில் ரொம்ப நாளாக எதிர்பார்த்த இரண்டு படங்கள் வேறு வந்து சேர்ந்தன. எல்லாம் முடித்துக் கோப்பைத் திறந்தபோது, கதவருகே நிற்கும் அந்தப் பெண்ணின் பெயர் சட்டென்று ஞாபகத்துக்கு வரவில்லை.

இதற்குப் பலரும் சொல்லும் மருந்து, படம் பார்ப்பதை விட்டுவிடு என்பது. விட்டும் பார்த்தேன். பதினோரு நாள் தாக்குப்பிடித்தேன். அந்தப் பதினோரு நாளில் எழுதியது குறைவு, எரிந்து விழுந்தது அதிகம். கதை மேல் பித்து இருந்ததால்தானே எழுதவே வந்தோம்? அந்தப் பித்து திரையைக் கண்டால் மட்டும் அடங்கிக் கிடக்க வேண்டும் என்றால் நடக்கிற காரியமா? எனக்குப் புரிந்தவரை கோளாறு வரிசையில் இருக்கிறது: நாளின் எந்த மணியில், எழுத்தின் எந்தக் கட்டத்தில் படம் வந்து உட்காருகிறது என்பதில். அந்த வரிசையைச் சரிசெய்ய நான் செய்தவற்றைக் கீழே எழுதியிருக்கிறேன். எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் செய்ய வேண்டியதில்லை. ஆனால் முதல் மூன்று படிகளை இதே வரிசையில் செய்யுங்கள்.

படி 1: இரண்டு வாரம் கணக்கு எழுதுங்கள்

எதையும் மாற்றாமல், இப்போது எப்படிப் பார்க்கிறீர்களோ அப்படியே பாருங்கள். ஒரு நோட்டில் நான்கு விஷயம் மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். எத்தனை மணிக்கு ஆரம்பித்தேன், எவ்வளவு நேரம் போனது, அன்று எழுதியாகிவிட்டதா, பொத்தானை அழுத்திய நொடியில் மனதில் என்ன இருந்தது. நான்காவது குறிப்புக்கு நேர்மை வேண்டும். 'சும்மா' என்று எழுதித் தப்பிக்காதீர்கள்.

படம் ஓடிய நேரத்தோடு கணக்கை முடித்துவிட்டால் பாதிதான் கிடைக்கும். எதைப் பார்க்கலாம் என்று தேடியது, டிரெய்லரை மூன்றாவது முறை பார்த்தது, பார்த்து முடித்ததும் மற்றவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று மேய்ந்தது, யாரோ ஒருவர் முடிவைத் தப்பாகப் புரிந்துகொண்டதற்காக நள்ளிரவில் அவருக்குப் பாடம் எடுத்தது என எல்லாம் சேர்த்திதான். என் கணக்கில் என்னை வெட்கப்பட வைத்தது இந்த ஓரச் செலவுதான். படம் பார்த்த நேரத்துக்குப் பதிலாக ஒரு படமாவது மிஞ்சியது. இதற்கு எதுவும் மிஞ்சவில்லை.

ஒரு சின்னக் கூட்டல். ஐம்பது நிமிட எபிசோட் எட்டு என்றால் 400 நிமிடம், அதாவது 6 மணி 40 நிமிடம். மணிக்கு 300 சொல் எழுதுகிறவருக்கு அது 2,000 சொல், நல்ல நீளமான ஒரு சிறுகதை. இதைக் குற்ற உணர்ச்சிக்காகச் சொல்லவில்லை. அந்த 6 மணி 40 நிமிடமும் எழுத்துக்குப் போயிருக்கும் என்பது நமக்கு நாமே சொல்லிக்கொள்ளும் பொய். களைத்துக் கிடக்கிற இரவு பத்து மணியை யாரும் நாவலுக்குக் கொடுப்பதில்லை. எவ்வளவு நேரம் போனது என்பதைவிட எந்த நேரம் போனது என்று பாருங்கள். என் நோட்டில் அது பளிச்சென்று தெரிந்தது. எழுதிவிட்டுப் படம் பார்த்த நாட்களில் எதுவும் கெடவில்லை. படம் பார்த்துவிட்டு எழுத உட்கார்ந்த நாட்களில் பெரும்பாலும் வெள்ளைத்தாள்தான்.

படி 2: ஆசையைப் பிரித்துப் பாருங்கள்

எல்லா ஆசையும் ஒரே ஆசை இல்லை. நோட்டின் நான்காவது குறிப்பை வைத்துக்கொண்டு மூன்று குவியலாகப் பிரியுங்கள்.

ஒன்று, நிஜமான காதல். அந்த இயக்குநரின் படம் என்றால் உங்களுக்குத் தூக்கம் வராது, அந்த நடிகை ஒரு காட்சியில் வந்தாலும் போதும். இதில் கை வைக்காதீர்கள். எழுதுகிறவனுக்கு உள்ளே எரிகிற அடுப்பு இது.

இரண்டாவது, பின்தங்கிவிடுவோமோ என்கிற பயம். "என்னப்பா, இன்னும் பார்க்கலையா?" என்று நண்பர் கேட்கும்போது வயிற்றில் ஏதோ பிசைகிறதே, அது. இதற்கு ஒரு சோதனை இருக்கிறது. இந்தப் படத்தைப் பற்றி உங்களிடம் யாரும் எப்போதும் பேசப்போவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் பார்ப்பீர்களா? இல்லை என்றால் அந்தப் படத்துக்கு அவசரம் இல்லை. நாலு பேர் பேச்சில் கலந்துகொள்வது நியாயமான ஆசைதான். ஆனால் வருகிற எல்லாப் படத்துக்கும் அந்த விலையைக் கொடுக்க முடியாது.

மூன்றாவதுதான் ஆபத்தானது. எழுத்தில் ஒரு இடம் இடறுகிறது, கை தானாக ரிமோட்டுக்குப் போகிறது. நான் இதற்கு 'நழுவல்' என்று பெயர் வைத்திருக்கிறேன். இன்று எழுத்து நன்றாக ஓடியிருந்தால் இந்த நேரத்தில் இதைப் பார்த்துக்கொண்டிருப்பேனா என்று கேட்டால் பதில் தெரிந்துவிடும். கதவருகே நின்ற பெண்ணின் கதை முழுக்க முழுக்க நழுவல். அந்தச் சீரிஸ் மேல் எனக்கு அவ்வளவு ஆசை ஒன்றும் இல்லை. அடுத்த பக்கத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் இருந்ததைத்தான் மூன்று சீசன் நீளத்துக்கு மறைத்துக்கொண்டிருந்தேன்.

நழுவும்போது கட்டாயமாக ஒன்று செய்யுங்கள். பொத்தானை அழுத்துவதற்கு முன் எங்கே மாட்டிக்கொண்டேன் என்று ஒரே வரி எழுதுங்கள். 'அவள் எதற்கு வந்தாள் என்று எனக்கே தெரியவில்லை' என்கிற மாதிரி. எழுதிவிட்டுப் படம் பார்க்கலாம், தடையில்லை. ஆனால் அந்த வரியை எழுதியதும் சில நாள் ரிமோட்டைக் கீழே வைத்துவிடுவீர்கள். அவிழ்க்க முடியாத முடிச்சு என்று நினைத்தது பெரும்பாலும் ஒரே ஒரு கேள்வியாகச் சுருங்கிவிடும்.

படி 3: எழுதிவிட்டுப் பாருங்கள், பார்த்துவிட்டு எழுதாதீர்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றைத்தான் எடுத்துக்கொள்வேன் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது மனம் முழுசாக மாறுவதில்லை. பழைய வேலையின் ஒரு பங்கு ஒட்டிக்கொண்டே வருகிறது. சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009ல் வெளியிட்ட கட்டுரையில் இதைக் கவனத்தின் மிச்சம் என்றார். முதல் வேலை முடியாமல் நிற்கும்போது மிச்சம் இன்னும் கனக்கிறது. வெப் சீரிஸ் என்பதோ முடியாமல் நிற்பதற்கென்றே செய்த பொருள். எபிசோடின் கடைசிக் காட்சியில் ஒருவன் துப்பாக்கியை எடுக்கிறான், திரை இருள்கிறது. அதற்குப் பிறகு நீங்கள் எழுத உட்கார்ந்தால் நாவலுக்குள் நீங்கள் மட்டும் வருவதில்லை, துப்பாக்கியோடு அவனும் வருகிறான்.

இதே குணத்தை நம் பக்கமும் திருப்பிக்கொள்ளலாம். 1927ல் புளூமா ஸைகார்னிக் என்ற உளவியலாளர், பாதியில் நிறுத்திய வேலைகள் முடித்த வேலைகளைவிட நன்றாக நினைவில் நிற்கின்றன என்று எழுதினார். அந்த முடிவு பிற்கால ஆய்வுகளில் எல்லாம் அப்படியே வந்துவிடவில்லை. ஆனால் அடுத்த ஆண்டே மரியா ஓவ்சியான்கினா என்ற இன்னொரு உளவியலாளர் சொன்னது இன்றும் நிற்கிறது: பாதியில் விட்டதைத் தொடர மனிதர்கள் தாமாகவே திரும்பி வருகிறார்கள். வாரப் பத்திரிகைத் தொடர்கதையின் அடியில் 'தொடரும்' என்று போட்டவர்களுக்கு இது எந்த ஆய்வும் இல்லாமலே தெரிந்திருந்தது. அந்தச் சொல்லை உங்களுக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். படத்துக்கு எழுந்துபோகும் முன் ஒரு வாக்கியத்தைப் பாதியில் நிறுத்துங்கள். எப்படி முடியும் என்று உங்களுக்குத் தெரிந்த வாக்கியமாக இருக்கட்டும். மறுநாள் அதை முடிக்க உட்காருவீர்கள், முடித்த கையோடு அடுத்த வாக்கியமும் வரும்.

எவ்வளவு எழுதினால் போதும்? சின்ன எண்ணாக வையுங்கள். எனக்கு 300 சொல். ஆண்டுக்கு 300 நாள் எழுதினாலே 90,000 சொல் ஆகிவிடுகிறது, அது ஒரு பெரிய நாவல். 1,000 என்று வைத்து நான்காம் நாள் கைவிடுவதைவிட இது மேல். 300 முடிந்ததா, அன்றைய படம் உங்கள் உரிமை. யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம், உங்களுக்குக்கூட.

இரவு மட்டுமே கிடைக்கிறவர்கள் இருக்கிறார்கள். வேலை, குழந்தைகள், வீட்டில் வயதானவர்கள் எல்லாம் முடிந்து ஒன்பதரைக்குத்தான் மூச்சு விட முடிகிறது என்றால், படத்துக்கு முன் இருபது நிமிடம் போதும். எண்ணிக்கையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். வரிசை கெடாமல் இருந்தால் சரி.

படி 4: எழுத்து எந்தக் கட்டத்தில் இருக்கிறதோ அதற்கேற்ற படம்

ஒரே நாவல்தான் என்றாலும் அதை எழுதும் மனம் ஒவ்வொரு கட்டத்திலும் வேறு.

கதை இன்னும் மூட்டமாக இருக்கிற காலத்தில் எதை வேண்டுமானாலும் பாருங்கள். கண்ணில் படுவதெல்லாம் உரம்.

முதல் வரைவு வேறு மாதிரி. அப்போது மனம் ஈர மண்ணாக இருக்கும், மிதித்தவன் காலடி பதிந்துவிடும். நீங்கள் எழுதுகிற அதே வகையில், அதே காலத்தில் நடக்கும் கதையை அந்த மாதங்களில் தவிர்த்துவிடுங்கள். என் சொந்த அனுபவம்: கதையில் ஒரு ஓய்வுபெற்ற வாத்தியார், மெதுவாக, சுற்றி வளைத்துப் பேசுகிறவர். துப்பறியும் தொடர் ஒன்றில் நான் விழுந்து கிடந்த பத்து நாளில் அவர் பேச்சு நறுக்கென்று ஆகிவிட்டது. மூன்று சொல், ஒரு இடைவெளி, மறுபடி மூன்று சொல். பேரனைப் பள்ளியிலிருந்து கூட்டி வருவதைக்கூடக் குற்றவாளியை விசாரிப்பதுபோல் பேசினார். எழுதும்போது எனக்கு அது தெரியவே இல்லை. படித்துப் பார்த்த நண்பர்தான், "உங்க வாத்தியாருக்கு என்ன ஆச்சு?" என்றார்.

முதல் வரைவுக் காலத்தில் சீரிஸைவிட முழுநீளப் படம் நல்லது. இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் கணக்கு தீர்ந்துவிடும். சீரிஸ் பார்த்தே ஆக வேண்டும் என்றால் வாரத்துக்கு ஒன்றாக வருவதைப் பிடியுங்கள். 2013 பிப்ரவரியில் நெட்ஃப்ளிக்ஸ் ஒரு தொடரின் 13 எபிசோடுகளையும் ஒரே நாளில் வெளியிட்டது. மொத்தமாகக் கொட்டும் அந்த முறை அதன் பிறகு பரவலாயிற்று. பார்க்கிறவருக்கு அது விருந்துதான். முதல் வரைவு எழுதுகிறவருக்கு அடுத்த மூன்று நாள் காலியாகப் போவதற்கான அறிவிப்பு. மொத்தமாக வந்ததையும் வாரம் ஒன்று என்று நாமே பிரித்துப் பார்க்கலாமே என்பார்கள். முடிந்தவர்கள் செய்யுங்கள். எனக்கு ஒருமுறைகூட முடிந்ததில்லை.

திருத்தும் கட்டம் வந்துவிட்டால் பயம் குறைவு. கதை இறுகிவிட்டது, யார் காலடியும் பதியாது. பக்கத்தில் சீரிஸ் ஓடட்டும். பிழை பார்க்கும் கட்டத்துக்கு எந்த விதியும் வேண்டாம்.

படி 5: காத்திருப்புப் பட்டியல்

புதிய படத்தின் பெயரைக் கேட்டவுடன் பார்க்கத் தோன்றும். பார்க்காதீர்கள், எழுதிவையுங்கள். பெயர், தேதி, எதனால் ஆசை வந்தது என்று ஒரு வரி. 'ஒளிப்பதிவு பற்றிச் சொன்னார்கள்', 'அப்பா பாத்திரம் பேசவே மாட்டாராம்' என்று குறிப்பாக. மூன்று வாரம் கழித்து அந்த வரியைப் படியுங்கள். இன்னும் துடித்தால் பாருங்கள். என் பட்டியலில் பல பெயர்கள் மூன்று வாரத்தைத் தாண்டுவதில்லை. எதற்கு எழுதி வைத்தேன் என்றே புரியாமல் அடித்துவிடுகிறேன்.

இதற்கு ஒரு விலக்கு கட்டாயம் வேண்டும். மாதத்துக்கு ஒரு படத்தை முதல் நாளே பார்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். எது என்று முன்கூட்டியே தேர்ந்தெடுத்து நாட்காட்டியில் குறியுங்கள். அந்த நாளின் 300 சொல்லை முந்தைய இரண்டு நாட்களில் எழுதித் தீர்த்துவிட்டு, கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்து கைதட்டிவிட்டு வாருங்கள். முதல் காட்சியின் இருட்டில் நூறு பேர் ஒரே நேரத்தில் மூச்சைப் பிடிப்பது மூன்று வாரம் கழித்து வீட்டில் கிடைக்காது. அதை இழந்துவிட்டு எழுதுகிற எழுத்து எனக்கு வேண்டாம்.

அதற்குள் யாராவது முடிவைச் சொல்லிவிட்டால்? 2011ல் சான் டியாகோவில் லெவிட், கிறிஸ்டென்ஃபெல்ட் என்ற இருவர் செய்த ஆய்வில், முடிவு முன்பே தெரிந்த சிறுகதைகளை வாசகர்கள் சற்று அதிகமாகவே ரசித்தார்கள். பிறகு வந்த சில ஆய்வுகள் இதற்கு மாறாகவும் சொல்லியிருக்கின்றன. எழுதுகிறவருக்கு இதில் ஒரு தனி லாபம் இருக்கிறது. முடிவு தெரிந்தால் என்ன ஆகும் என்ற தவிப்பு போய்விடுகிறது, எப்படி அங்கே கொண்டுவந்து சேர்க்கிறார்கள் என்று பார்க்கக் கண் ஓய்வாக இருக்கிறது. அப்படியும் மனம் கேட்காது என்றால் படத்தின் பெயரையும் முக்கியப் பாத்திரங்களின் பெயரையும் சமூக ஊடகத்தில் மறைக்கும் சொற்களாகப் போட்டுவிடுங்கள். வாட்ஸாப் குழுவை மூன்று வாரம் மௌனமாக்குங்கள். நண்பர்களிடம் நேராகச் சொன்னால் இன்னும் நல்லது, பெரும்பாலானவர்கள் மதிப்பார்கள். மதிக்காத ஒருவர் எல்லாக் குழுவிலும் இருப்பார். அவருக்கு மருந்து இல்லை.

படி 6: கருவிகளைக் கொஞ்சம் சிரமமாக்குங்கள்

இது பத்து நிமிட வேலை. அடுத்த எபிசோட் தானாக ஓடும் வசதியை அணையுங்கள். நெட்ஃப்ளிக்ஸில் அது உங்கள் கணக்கின் அமைப்புகளில் இருக்கிறது, யூடியூபில் தனிப் பொத்தானே இருக்கிறது. எழுதும் கணினியில் ஓடிடி எதிலும் நுழைந்து வைக்காதீர்கள். வேறு கணினி இல்லை என்றால் எழுத்துக்கென்று தனிப் பயனர் கணக்கு ஒன்று தொடங்குங்கள்.

எபிசோட் முடிகிற இடத்தில் நிறுத்த முயலாதீர்கள். அந்த இடத்தைத்தான் ஒரு அறை நிறைய எழுத்தாளர்கள் உட்கார்ந்து நீங்கள் நிறுத்த முடியாதபடி செதுக்கியிருக்கிறார்கள். அடுத்த எபிசோடின் முதல் பத்து நிமிடத்தையும் பார்த்துவிட்டு நிறுத்துங்கள். துப்பாக்கி வெடித்ததா இல்லையா என்று அதற்குள் தெரிந்திருக்கும், புதிய முடிச்சு இன்னும் விழுந்திருக்காது. தூக்கமும் வரும்.

படி 7: ரசிகராக ஒருமுறை, எழுதுகிறவராக ஒரு காட்சி மட்டும்

'பார்ப்பதெல்லாம் ஆராய்ச்சிதான்' என்று சொல்லிக்கொள்வது எழுதுகிறவர்களின் செல்லப் பொய்களில் ஒன்று. நோட்டும் பேனாவுமாக ஒவ்வொரு படத்துக்கும் போய் உட்கார்ந்தால் அது பொய்யாக இருக்காது, ஆனால் படம் வீட்டுப்பாடமாகிவிடும். முதல் முறை வாயைப் பிளந்துகொண்டு பாருங்கள். குறிப்பு எடுக்க வேண்டாம். இரண்டு நாள் கழித்தும் ஒரு காட்சி மனதை விட்டுப் போகவில்லை என்றால் அந்த ஒன்றை மட்டும் திரும்பப் பாருங்கள். மூன்று நிமிடம், நான்கு நிமிடம்.

அப்போது கவனிக்க வேண்டியவை. காட்சி எந்த இடத்தில் தொடங்குகிறது? நல்ல காட்சிகள் பெரும்பாலும் வணக்கம் சொல்வதையும் உட்காருவதையும் தாண்டி, பேச்சு சூடாகிவிட்ட இடத்தில் தொடங்கும். எங்கே வெட்டுகிறார்கள்? பதிலைக் கேட்டபின் வெட்டுகிறார்களா, பதில் வரும் முன்பேவா? யார் எதைச் சொல்லாமல் விட்டார்? காட்சி தொடங்கியபோது இருந்த நிலைமையில் முடியும்போது எது மாறியிருக்கிறது? இந்த நான்கையும் நம் அத்தியாயத்தின் மேல் வைத்துப் பார்த்தால் தாராளமாக ஒரு பக்கம் வெட்ட வேண்டியிருக்கும்.

பிறகு பயிற்சி. அதே காட்சியை ஒலியை நிறுத்திவிட்டு ஓடவிட்டு, உரைநடையில் எழுதுங்கள். முதல் முறை இப்படித்தான் வரும்: அவள் திரும்பினாள். ஜன்னலைப் பார்த்தாள். மெல்லச் சிரித்தாள். அவன் தலைகுனிந்தான். படித்துப் பாருங்கள், உப்புச் சப்பில்லாமல் இருக்கும். திரையில் உயிரை உருக்கிய அதே காட்சிதான். அங்கே ஒரு முகம் இருந்தது, வெளிச்சம் இருந்தது, இசை இருந்தது. தாளில் அது எதுவும் இல்லை, ஜன்னலைப் பார்த்தாள் என்கிற தகவல் மட்டும் இருக்கிறது.

அதிகமாகப் படம் பார்த்துவிட்டு எழுதுகிறவர்களிடம், என்னையும் சேர்த்துத்தான், காணப்படும் பெரிய நோய் இதுதான். ஆட்கள் ஓயாமல் திரும்புகிறார்கள், பெருமூச்சு விடுகிறார்கள், புருவம் உயர்த்துகிறார்கள். கேமரா ஒன்று எங்கோ ஓடிக்கொண்டிருக்கிறது, அது மீதியைப் பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை. எழுத்தில் அந்தக் கேமரா வருவதே இல்லை.

ஆகவே இரண்டாம் முறை எழுதும்போது கேமராவால் முடியாததை மட்டும் எழுதுங்கள். அந்த அறையின் வாசனை. அவன் குரலைக் கேட்டதும் அவளுக்கு ஞாபகம் வந்த, இந்தக் கதைக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு மழைநாள். சொல்ல நினைத்து வேறு விதமாகச் சொன்ன வாக்கியம். காலம் நம் கையில் எவ்வளவு இலகுவாக வளைகிறது என்று பாருங்கள். 'அதற்குப் பிறகு பத்து வருடம் அவள் அந்தத் தெருவில் நடக்கவில்லை' என்று ஒரே வரியில் எழுதிவிடலாம். திரையில் இதற்கு நரைமுடி வேண்டும், மாறிய தெரு வேண்டும், இன்னொரு நடிகை வேண்டும்.

என் பதினான்காம் அத்தியாயம் திறந்துகொண்டது இந்தப் பயிற்சியில்தான். அந்தப் பெண் கதவருகே நின்றதற்குக் காரணம், அவள் முகத்தை யாராவது அருகில் போய்க் காட்டுவார்கள் என்று நான் காத்திருந்தது. யாரும் காட்டப்போவதில்லை என்று புரிந்த அன்று, வழியெல்லாம் அவள் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்த ஒரு வாக்கியத்தை எழுதினேன். 'பணம் கேட்க வரவில்லை' என்பது அந்த வாக்கியம். எழுதியதும் பணம் கேட்கத்தான் வந்திருக்கிறாள் என்று தெரிந்துவிட்டது. கதவு திறந்தது.

படி 8: படத்தைப் பற்றி எழுதும் ஆசைக்கு ஓர் இடம் கொடுங்கள்

பார்த்ததும் ஏதாவது சொல்லியாக வேண்டும் போலிருக்கும். அறுநூறு சொல்லில் ஒரு பதிவு, நாற்பது பேருக்குப் பதில். அதுவும் எழுத்துதானே, அன்றைய கணக்கில் சேர்க்கலாமா? என் தீர்ப்பு: கூடாது. அதில் கேவலம் ஒன்றும் இல்லை. கைதட்டு உடனே கிடைக்கிற எழுத்தும், இரண்டு வருடம் கழித்துக் கிடைத்தாலும் கிடைக்கலாம் என்கிற எழுத்தும் ஒரே கணக்கில் போட்டியிட்டால் எது ஜெயிக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

ஆனால் விமர்சனம் எழுத நிஜமான ஆசை இருந்தால் அதை ஒரு வேலையாக ஆக்கிக்கொள்ளுங்கள். ஆங்கில நாவலாசிரியர் கிரகாம் கிரீன் 1935 முதல் 1940 வரை லண்டன் பத்திரிகைகளில் 400க்கும் மேற்பட்ட படங்களுக்கு விமர்சனம் எழுதினார். அவருடைய முக்கியமான நாவல்களில் சில அதே ஆண்டுகளில்தான் வந்தன. அவருக்குக் கெடு இருந்தது, பத்தியின் நீளம் இருந்தது, கொடுத்ததும் கை கழுவிவிட்டு நாவலுக்குத் திரும்ப முடிந்தது. (ஒரு குழந்தை நட்சத்திரத்தின் படத்தைப் பற்றி எழுதப்போய் அவதூறு வழக்கில் மாட்டியதும் இதே காலத்தில்தான். எல்லாவற்றிலும் அவரைப் பின்பற்ற வேண்டாம்.) வாரம் ஒரு விமர்சனம், 500 சொல், ஞாயிறு மாலைக்குள் என்று நாமும் வைத்துக்கொள்ளலாம். எழுதி வெளியிட்டபின் பின்னூட்டம் பார்க்க ஒருநாள், அவ்வளவுதான்.

படி 9: வீட்டில் இருப்பவர்கள்

சேர்ந்து படம் பார்ப்பது சில வீடுகளில் பேச்சுக்குப் பதிலாக இருப்பது. அதைத் தியாகம் செய்து எழுதாதீர்கள். இந்த இரண்டு இரவுகள் உங்களோடு என்று சொல்லி, அன்று கணினியை மூடிவிட்டு உட்காருங்கள். பாதி மனதோடு சோபாவில் உட்கார்ந்து கைப்பேசியில் அத்தியாயம் திருத்துகிறவரை யாருக்கும் பிடிக்காது. மற்ற இரவுகளில், 'நீங்கள் பாருங்கள், நான் பிறகு பிடித்துக்கொள்கிறேன்' என்றால் கோபப்பட மாட்டார்கள். கதையைச் சொல்லிவிடுவார்கள், அது வேறு விஷயம்.

படி 10: வரிசை உடைந்த வாரத்துக்குப் பிறகு

உடையும். ஒரு திரைப்பட விழா வரும், பத்து வருடம் காத்திருந்த தொடரின் கடைசி சீசன் வரும், அல்லது காரணமே இல்லாமல் ஒரு வாரம் திரை முன்னால் கரைந்துவிடும். முன்பே தெரிந்த வாரம் என்றால் விடுமுறை என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் போங்கள், திரும்பி வரும் தேதியோடு. தெரியாமல் போன வாரம் என்றால் கடனைக் கட்ட முயலாதீர்கள். ஏழு நாளுக்கு 300 வீதம் 2,100 சொல்லை ஒரு ஞாயிறில் எழுதித் தீர்ப்பேன் என்று உட்கார்ந்தவர் திங்களன்றும் எழுத மாட்டார். போனது போகட்டும், இன்றைக்கு 300.

ஆனால் நேராக 300க்குப் போனால் கை ஓடாது. கடைசியாக எழுதிய பக்கத்தை எடுத்துக்கொண்டு, அதை வெறுமனே படிக்காமல், ஒரு வெற்றுத்தாளில் கையால் மறுபடி எழுதுங்கள். படிக்கும்போது கண் வழுக்கிக்கொண்டு போகும், எழுதும்போது முடியாது. ஏதோ ஒரு சொல்லில் கை தயங்கும், வேறு சொல் போடத் தோன்றும். போடுங்கள். அடுத்த வாக்கியமும் கொஞ்சம் மாறும். எந்த வரியில் நகலெடுப்பதை நிறுத்திவிட்டு எழுத ஆரம்பித்தீர்கள் என்பது பக்கம் முடிந்து பார்க்கும்போதுதான் தெரியும்.